பத்தாம் நாழிகை

ஒன்பது அடித்தாயிற்று. இனி ஒன்றே ஒன்று. வட்டிலைத் தண்ணீரில் விட்டேன். ஒரு முறை தள்ளாடிவிட்டுக் கொப்பரையின் நடுவில் போய் நின்றுகொண்டது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. இது மூழ்கினால் பத்து. பத்து அடித்தால் கிழக்கு வாயில் திறக்கும். வாயில் திறந்தால் முற்றுகை முடிந்தது. நாலு மாதம், அப்பாடா, நாலு மாதமா அது, எனக்கு நாற்பது வருஷம் போல இருக்கிறது. தோற்றுவிட்டோம் என்றுதான் இதற்குப் பெயர். கீழே தெருவில் ஒரு பெரியவர் விடிந்ததிலிருந்து அதைச் சொல்லித்தான் அழுகிறார், கங்கைகொண்ட சோழபுரமே போயிற்றே, கடல் கடந்து ஆண்ட ஊர் போயிற்றே என்று. எனக்கும் அழுகை வர வேண்டும். வரவழைத்துப் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது. பிறகு கத்தரிக்காய் ஞாபகம் வந்தது. மதிலுக்கு வெளியே வாய்க்கால் கரையில் விளையும் சின்னக் கத்தரிக்காய், காம்போடு நாலாகக் கீறி, மிளகும் புளியும் அரைத்துத் திணித்து, எண்ணெயில் சுருளச் சுருள வதக்கினால். சீ, இந்த நாளில் இந்த நினைப்பா. சாத்தி, உனக்கு வெட்கமே கிடையாது. கிடையாதுதான். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்கிறவளுக்கு என்ன வெட்கம்? வட்டிலைப் பார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய செம்பு வட்டில், அடியில் ஒரு மயிரிழை ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி ஏறி, விளிம்பு நிறைந்து, முங்கினால் ஒரு நாழிகை. எடுத்துக் கவிழ்த்துவிட்டு, சேகண்டியை அடித்துவிட்டு, மறுபடி விட வேண்டும். சூரியன் எழுந்தது முதல் விழுவது வரை முப்பது முறை. இரவுக்கு வேறு ஆள். இது என் வேலையே இல்லை, என் புருஷன் ஐயாறனின் வேலை, அவன் அப்பன் பாட்டன் பார்த்த வேலை. ஈட்டியைப் பிடித்தால் தன் காலிலேயே குத்திக்கொள்ளக் கூடியவனை மார்கழியில் மதிலுக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனார்கள். வட்டிலை யார் பார்ப்பது என்று கேட்டான். வீட்டில் பெண்டாட்டி சும்மாதானே இருக்கிறாள் என்றார்களாம். சும்மா இருக்கிறேனாம்.

மூன்று நாளைக்கு முன்னால் பறையடித்துச் சொன்னார்கள். இன்று பகல் பத்தாம் நாழிகைவரை அரண்மனைப் பெண்கள் வடக்கு வாயில் வழியாகப் போகலாம், பாண்டியன் படை தடுக்காது. பத்து அடித்ததும் கிழக்கு வாயிலைத் திறந்துவிட வேண்டும். முன்னால் திறந்தால் அரண்மனைக்கு ஆபத்து, தாமதித்தால் ஊருக்கு ஆபத்து. திறந்தால் ஒரு வீடு எரியாது, ஒரு தலை விழாது. பத்து கடந்தும் வாயில் மூடியிருந்தால் பேச்சு முறிந்தது என்று யானைகளை விட்டுவிடுவார்கள். இந்தச் சேகண்டி மாடத்தின் சாளரத்திலிருந்து பார்த்தால் மதிலுக்கு அப்பால் அந்த யானைகள் தெரிகின்றன, எட்டு, நெற்றியில் இரும்புத் தகடு, வரிசையாக நிற்கின்றன. நாலு மாதமாக அவர்களுடைய பாசறையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உச்சிப்பொழுதுக்கு முன்னால் நான் பதின்மூன்று அடித்த சற்று நேரத்தில் அங்கே அடுப்புப் புகை எழும்பும். பாவிகளுக்கும் அதே நேரத்தில்தான் பசிக்கிறது போலிருக்கிறது. என்ன ஆக்குகிறார்களோ, காற்று இந்தப் பக்கம் அடித்தால் வடித்த சோற்றின் வாசம் மதிலைத் தாண்டி வரும். அம்பு வந்தால்கூட நான் இப்படித் துடித்திருக்க மாட்டேன். கத்தரிக்காயை விடு. வாயிலின் உட்புறம் குறுக்கே போட்ட கணையமரத்தைத் தூக்குவதற்குப் பத்துப் பேரை நிறுத்தியிருக்கிறார்கள், அதில் என் ஆளும் ஒருவன். எட்டாம் நாழிகை முடியும் முன் படியேறி வந்தான். "வெள்ளத் துணி ஏதாச்சும் இருக்கா சாத்தி? தலையில கட்டிக்கணுமாம். கட்டாதவன் மேல அம்பு விடுவாங்களாம்" என்றான். "நம்ம வீட்ல வெள்ளத் துணி ஏது? போன மாசமே கிழிச்சுக் காயத்துக்குக் குடுத்தாச்சு" என்றேன். சொல்லும்போதே குடத்தின் வாயில் கட்டியிருந்த துணி கண்ணில் பட்டது. அவிழ்த்துக் கொடுத்தேன். "ஈரமா இருக்கு" என்றான். "வெயிலுக்கு எதமா இருக்கும், குனிங்க" என்றேன். குனிந்தான். கட்டிவிட்டேன். இந்த நாலு மாதத்தில் அவனுக்கு நெற்றி ஏறிப்போயிருக்கிறது, காது பெரிதாகத் தெரிகிறது, மெலிந்துவிட்டால் மனிதனுக்குக் காது வளருமோ என்னவோ. "பத்த சரியா அடிச்சிடு" என்றான். "நான் எப்ப தப்பா அடிச்சேன்?" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். கதவு திறந்ததும் முதலில் வெளியே தெரியப்போகும் தலை அவனுடையது, ஈரத்துணி கட்டிய தலை. சாயங்காலம் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட வேண்டும். எண்ணெய் எங்கே இருக்கிறது? இனிமேல் கிடைக்கும். கதவுதான் திறக்கப்போகிறதே, எல்லாம் கிடைக்கும்.

எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறபோதே ஏதோ ஒன்று முள் மாதிரி மாட்டுகிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்றுவார்களா? நம்மவர்கள் காப்பாற்றினார்களா? வடக்கே ஏதோ ஒரு ஊரைப் பிடித்துவிட்டு வந்தபோது நான் மணமாகி வந்த புதிது. தெருவெல்லாம் கோலம், ஆட்டம், பாட்டு. அந்த ஊர்வலத்தின் வாலில் பெண்களை நடத்திக் கூட்டி வந்தார்கள். அரண்மனைக்குப் பின்னால் வேளம் என்று ஓர் அடைப்பு, பிடித்து வந்த பெண்கள் அதற்குள்தான். அதில் மல்லவ்வை என்று ஒருத்தி, தண்ணீர் எடுக்க இந்த மாடத்தின் கீழேயுள்ள கிணற்றுக்கு வருவாள். வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "அக்கா, நாழிக எத்தன?" என்று கேட்பாள். அதற்குத்தானே சேகண்டி அடிக்கிறோம், காது இல்லையா உனக்கு என்று எரிந்து விழுவேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு நாள் அவளே சொன்னாள். இங்கே பத்து என்றால் அவள் ஊரிலும் பத்துதானாம். பத்துக்கு அவள் மகள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவாளாம். தெரிந்துகொண்டால் கூடவே போகிற மாதிரி இருக்குமாம். நான் என்ன சொன்னேன்? சரி சரி போ என்றேன். சரி சரி போ. வாயை வைத்துக்கொண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு மதுரையில் ஒரு கிணற்றடியில் நின்றுகொண்டு அக்கா நாழிகை எத்தனை என்று நான் கேட்டால், மேலே ஒருத்தி இருந்து எரிந்து விழுவாள். விழட்டும், எனக்கு அது வேண்டும். சேச்சே, வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாயில் திறந்தால் ஒன்றும் நடக்காது. பத்து அடித்தால் வாயில் திறக்கும். வட்டில் மூழ்கினால் பத்து. வட்டிலைப் பார். பாதிகூட நிறையவில்லை. காத்திருந்தால் நேரம் நகராது என்பது சரிதான், நானே நாழிகை பார்க்கிறவள், எனக்கே நகரவில்லை. வட்டிலின் உள்புறத்தில் ஒரு தாமரை செதுக்கியிருக்கும், இதழ் நனைந்தால் பாதி. இதழ் இன்னும் நனையவில்லை. அடி இதழ்கூட நனையவில்லை. நான் எத்தனை நேரமாகக் கத்தரிக்காயை வதக்கிக்கொண்டிருக்கிறேன்?

தரையைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். சாளரத்தின் நடுத்தூணின் நிழல் தரையில் விழும். தரைக்கல்லில் காக்கைக்கால் மாதிரி ஒரு விரிசல். இந்தப் பங்குனியில் நிழல் அந்த விரிசலைத் தொடும்போது வட்டில் பத்தாவது முறை முங்கும். நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். இப்போது நிழல் விரிசலைத் தொட்டுக் கடந்து நாலு விரற்கடை அப்பால் கிடக்கிறது. வட்டில் மிதக்கிறது. இரு, பதறாதே. நிழல் பொய் சொல்லும், நாளுக்கு நாள் மாறும், சித்திரை பிறக்கப்போகிறது இல்லையா. ஒரு நாளில் நாலு விரற்கடையா மாறும்? மாறாது. அப்படியென்றால் விரிசல் நகர்ந்துவிட்டதா? பைத்தியமே, விரிசல் எப்படி நகரும். வட்டில்தான் பொய் சொல்கிறது. வட்டில் பொய் சொல்லாது, வட்டில் சொல்வதற்குத்தான் நாழிகை என்று பெயர், சூரியனே தவறினாலும் வட்டில் தவறாது என்று ஐயாறன் சொல்லுவான், அவன் குடும்பத்துத் திமிர் அது. குனிந்து பார்த்தேன். வட்டிலுக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஓட்டையின் மேல் சின்னதாக ஒரு குமிழி ஓடிக்கொண்டே இருக்கும், ஊற்றுக்கண் மாதிரி. குமிழியைக் காணோம். ஓட்டை அடைத்துக்கொண்டது. எப்படி அடைக்கும், நாலு மாதமாக அடைக்காதது இன்றைக்குப் பார்த்து எப்படி. குடத்தைப் பார்த்தேன். குடத்தின் வாய் திறந்து கிடந்தது.

துணி. ஐயோ, துணி. ஏரி வாய்க்காலை அவர்கள் வெட்டி மடக்கியதிலிருந்து கிணற்றில் வருவது தண்ணீரா அது, சேறு. அதனால்தான் குடத்தின் வாயில் துணியைக் கட்டி வடித்து வடித்து ஊற்றுவது. மூன்று நாழிகைக்கு ஒரு முறை கொப்பரையில் தண்ணீர் குறையும், குடத்திலிருந்து நிரப்ப வேண்டும். ஒன்பது அடித்ததும் நிரப்பினேன். முற்றுகை முடியப்போகிறது என்ற சந்தோஷத்தில், முணுமுணுவென்று ஏதோ பாட்டு வேறு பாடிக்கொண்டு, குடத்தை அப்படியே சாய்த்துக் கவிழ்த்தேன். வடிகட்டும் துணி இல்லையே என்று நினைக்கவே இல்லை. துணி அவன் தலையில் இருக்கிறது. அவன் மேல் அம்பு விழக் கூடாது என்று கொடுத்தேன், இப்போது யானை வரப்போகிறது. பாண்டியனிடமும் ஒரு வட்டில் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு நல்ல தண்ணீர் இருக்கும், நம் ஏரித் தண்ணீர்தான், தெளிந்த தண்ணீர். அவன் வட்டில் எப்போதோ முங்கியிருக்கும். பத்து ஆயிற்று, வாயில் திறக்கவில்லை, சோழர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் எழுந்து போய்ச் சொல்லியிருப்பான். சாளரத்தில் எட்டிப் பார்த்தேன். யானைகள் நிற்கின்றன. ஒன்று தும்பிக்கையால் மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொள்கிறது. ஆட்கள் அங்குமிங்கும் போகிறார்கள். ஒருவன் நெற்றியில் கை வைத்துச் சூரியனைப் பார்க்கிறான். பார்க்காதே, சூரியனைப் பார்க்காதே, உன் காலில் விழுகிறேன். அடித்துவிடு சாத்தி, இப்போதே அடி. சேகண்டி அடிக்கும் கொட்டாப்புளியைக் கையில் எடுத்தேன். கை மேலே போக மாட்டேன் என்கிறது. வட்டில் மிதந்துகொண்டிருக்கிறது. மிதக்கும்போது எப்படி அடிப்பது? நாலு மாதம் அது முங்கிய பிறகுதானே இந்தக் கை எழுந்தது. வட்டில் மிதக்க நான் அடித்தால் அது பத்து இல்லை, வெறும் சத்தம். அப்படியென்றால் முங்க வை. தொடக் கூடாது. மிதக்கும் வட்டிலைத் தொடக் கூடாது. முதல் நாள் இந்தக் கையைக் கொப்பரையில் முக்கிச் சத்தியம் வாங்கினான் ஐயாறன். "வீடு பத்திக்கிட்டாலும் தொடக் கூடாது சாத்தி. நீ தொட்டா ஊரோட நேரமே பொய்யாப் போயிடும்" என்றான். அவன் குடும்பத்தில் யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் மிதக்கும் வட்டிலைத் தொட்டுவிட்டாராம். சாகும்வரை அந்தக் கையால் சோறு தின்னவில்லையாம். நல்ல குடும்பத்தில் வந்து வாழ்க்கைப்பட்டேன். தொட்டால் சோறு இல்லை, தொடாவிட்டால் புருஷன் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம், கணையமரத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டு, பத்து அடிக்கட்டும் பத்து அடிக்கட்டும் என்று காதை இங்கே வைத்துக்கொண்டு நிற்பான். நான் சரியாக அடிப்பேன் என்று நிற்பான். நான் எப்ப தப்பா அடிச்சேன்? இந்தா, இப்போது. முதல் யானை முட்டினால் கதவு அவர்கள் மேல்தான் விழும்.

கண்ணை மூடிக்கொண்டேனா, இல்லை, திறந்துதான் இருந்தது. நாலு மாதமாக அதிலிருந்து எடுக்காத கண், இப்போது மட்டும் எப்படி மூடும். வலது கையின் ஆள்காட்டி விரலை வட்டிலின் விளிம்பில் வைத்தேன். குளிர்ந்திருந்தது. செம்பு இவ்வளவு மெல்லியது என்று தெரியாது, மிதக்கும்போது நான் தொட்டதே இல்லையே. லேசாக அழுத்தினேன். எதிர்த்தது, உயிருள்ளது போல மேலே வந்தது. மன்னிச்சுக்க என்றேன், யாரிடம் சொன்னேனோ, மறுபடி அழுத்தினேன். விளிம்பு சாய்ந்து, தண்ணீர் ஒரு பக்கமாக உள்ளே பாய்ந்தது, வட்டில் கொப்பரையின் அடியில் போய் இடித்தது. முங்கிவிட்டது. எப்படி முங்கினால் என்ன, முங்கிவிட்டது. கொட்டாப்புளி தானாக எழுந்தது. ஒன்று. இரண்டு. தெருவில் பெரியவரின் அழுகை நின்றது. மூன்று. நாலு. சத்தம் பிசகக் கூடாது. ஐந்து. ஆறு, ஆறா ஐந்தா, ஆறுதான். ஏழு. எனக்குப் பிள்ளை இல்லை, இவன் ஒருவன்தான். எட்டு. இவன் ஒருவன்தான் எனக்கு. ஒன்பது. பத்து. கடைசி அடி மதிலுக்கு அப்பால் போய் எங்கோ முட்டித் திரும்பி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய ஊர் ஒரு சத்தமும் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. யானைகளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தரையில் உட்கார்ந்தேன். காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

கணையமரம் தூக்கும் சத்தம் கேட்டது. க்ரீச் என்று ஆரம்பித்து, பத்து ஆண்கள் ஒன்றாக முக்குகிற சத்தம், அதில் அவனுடையது எது என்று தேடினேன், தெரியவில்லை. பிறகு கதவின் அச்சு கத்தியது. நாலு மாதம் எண்ணெய் காணாத அச்சு, ஊரே கூசும்படி கத்தியது. இப்போது அலறல் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. இப்போது. இல்லை. இப்போது. ஒரு மாடு கத்தியது. யாரோ இருமினார்கள். நிறையக் கால்கள் நடந்து வந்தன, ஓடவில்லை, நடந்துதான் வந்தன. யாரோ ஒருவன் தண்ணி இருக்கா என்று கேட்டான், யாரோ கிணத்தக் காட்டுறேன் வாங்க என்றார்கள். அழுதுகொண்டிருந்த அதே பெரியவர் குரல். எழுந்து சாளரத்துக்குப் போனேன். யானைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, பாகர்கள் தகடுகளை அவிழ்க்கிறார்கள். வாயில் மாடத்தில் புலிக்கொடியை இறக்கினார்கள். அப்போதுதான் எனக்குப் பெரியவரின் அழுகை விளங்கியது. பரவாயில்லையே, கொஞ்சமாவது விளங்கியதே. ஆனால் அதே நேரம் உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்தது, இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்டது போல. உயிரோடு இருக்கிறோம். போன உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தது. வேளத்தின் பக்கமிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், திறந்துவிட்டிருப்பார்கள் போலும், கையில் சின்னச் சின்ன மூட்டை. மல்லவ்வை கடைசியில் வந்தாள். தலை நரைத்துவிட்டது, நான் கவனிக்கவே இல்லை. பழக்கத்தில் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நானே கத்தினேன். "பத்து மல்லவ்வ! பத்து ஆச்சு!" அவள் தலையை ஆட்டினாள். "மாடு ஓட்டுற நேரம் அக்கா" என்று சொல்லிவிட்டு வாயிலை நோக்கி நடந்தாள்.

மாடத்துப் படியில் காலடிச் சத்தம். அவன் இல்லை, அவன் நடை எனக்குத் தெரியும். கொட்டாப்புளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குண்டாக, வியர்த்து வழிந்துகொண்டு ஒரு பாண்டிய நாட்டு ஆள் வந்து நின்றான். இடுப்பில் வாள் இல்லை, நீளமான அகப்பை ஒன்று செருகியிருந்தது. கையில் இலையால் மூடிய ஒரு சட்டி. நாலு மாதத்தில் நான் பார்த்த முதல் குண்டு மனிதன். என்னைப் பார்த்தான், சேகண்டியைப் பார்த்தான், எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். "இங்கன நாழிக அடிக்கிறது யாரு ஆத்தா?" என்றான். "நான்தான்" என்றேன். "நீயா? பொம்பளப் பிள்ளையா?" என்று வாயைப் பிளந்தான். "எம்பேரு உடப்பன். படைக்குச் சோறாக்குறவன். ஒன்னைய ஒரு தடவ பாத்துப்புடணும்னு நாலு மாசமா நெனச்சுக்கிட்டிருக்கேன்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிமேல் உட்கார்ந்து அவனே சொன்னான். "கொள்ளிடம் தாண்டயில எங்க வட்டிலு ஆத்தோட போச்சு ஆத்தா. அதப் பாத்துக்கிட்டிருந்த மனுசனும் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாரு. அன்னைக்கிலருந்து நீ அடிக்கிறதுதேன் எங்களுக்கும் நாழிக. நீ பதிமூணு அடிச்சா நான் ஒல வைப்பேன், பதினஞ்சு அடிச்சா எறக்குவேன். காவல் மாத்துறது, யானையக் குளுப்பாட்டுறது, அம்புட்டும் ஒன் சத்தத்துலதேன்." கொட்டாப்புளி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "இன்னைக்கிப் பாரு, யானைக்குத் தலைவரு சூரியனப் பாத்துப்புட்டு, பத்து ஆயிருக்கும்போல, அவுத்து விடுங்கடான்னு கெளம்பிட்டாரு. நாந்தேன் மறிச்சேன். ஆயிருந்தா அடிச்சிருப்பாகளே சாமி, நாலு மாசத்துல ஒரு நாளு தப்புனதில்லையே, அடிக்கட்டும் இருங்கன்னு சொன்னேன். சரிதேன்னு உக்காந்துட்டாரு. அப்பறம் நீயும் அடிச்சுப்புட்ட. கணக்கா இருந்துச்சு." கணக்காக இருந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது, காலையிலிருந்து வராமல் இருந்த அழுகை எல்லாம் சேர்ந்து அந்தச் சமையற்காரன் முன்னால் வந்தது. ஊர் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "அழுவாத ஆத்தா, ஊரு எங்கயும் போகல" என்று சொல்லி, சட்டியை என் பக்கம் தள்ளினான். இலையை எடுத்தேன். தயிர்ச்சோறு. "ஒல வைக்கணும், ஊருக்கே ஆக்கச் சொல்லியிருக்காக. பதினொண்ணு அடிக்க மறந்துறாத" என்றபடி இறங்கிப் போனான்.

பதினொன்று. பத்து அடித்ததிலிருந்து வட்டிலை விடவே இல்லை. அது இன்னும் கொப்பரையின் அடியில் கிடக்கிறது. எவ்வளவு நேரம் போயிற்று? தெரியவில்லை. இந்த ஊரில் இப்போது நேரம் யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவன் வந்தான். இரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம், அவனேதான், தலையில் அந்தத் துணி, அது இப்போது காய்ந்திருந்தது. தோளில் கணையமரம் உரசிய காயம் ஒன்று. வேறொன்றும் இல்லை. முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை. தலையிலிருந்து துணியை உருவினேன். வியர்வையைத் துடைத்துவிடப் போகிறேன் என்று நினைத்து முகத்தைக் காட்டினான், பாவம். நான் கொப்பரைத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, துணியை அலசிக் குடத்தின் வாயில் கட்டி, சொட்டுச் சொட்டாக வடித்து ஊற்றினேன். ஊசியால் வட்டிலின் ஓட்டையைக் குத்தினேன், ஒரு மணல் விழுந்தது, கடுகில் பாதி. அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துணியைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மெதக்கையில தொட்டுட்டேங்க" என்றேன். "அமுக்கித்தான் அடிச்சேன்." அவன் வட்டிலை என் கையிலிருந்து வாங்கி, தண்ணீரில் அவனே விட்டான். அது தள்ளாடி நடுவில் போய் நின்றது, குமிழி ஓடியது. "எந்த வெரலு?" என்று கேட்டான். காட்டினேன். அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. "இனிமே நான் இடது கையாலதான் திங்கணுமா?" என்றேன். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பயந்துதான் கேட்டேன். அவன் சட்டியிலிருந்து ஒரு பிடி தயிர்ச்சோற்றை உருட்டி, அந்த விரலும் சேர அந்தக் கையிலேயே வைத்து, "தின்னு" என்றான்.

தின்றேன். ஐயோ அந்தச் சோறு. பாண்டியன் உப்பு, பாண்டியன் தயிர், யார் தயிராக இருந்தால் என்ன. புளியங்கொட்டை தின்று மரத்துப்போன நாக்கு ஒவ்வொரு பருக்கைக்கும் கூச்சல் போட்டது. அவனும் தின்றான், எனக்கு ஒரு பிடி, அவனுக்கு ஒரு பிடி. யானை எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது என்று கேட்டேன். கதவு திறந்ததும் முதல் யானை இவனுடைய தலைத்துணியைத் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்ததாம், ஈரத்துக்கு ஆசைப்பட்டதாம். பொய் சொல்கிறான் என்று தெரியும், சிரித்தேன். புரையேறியது. முதுகில் தட்டினான். பயந்தீங்களா என்று கேட்டேன். "பத்து அடிக்கிற வரைக்கும் பயமா இருந்துச்சு. அதுல ஆறாவது அடி கொஞ்சம் பெசகிச்சு, என்னடா இவ அழுவுறாளான்னு நெனச்சேன்" என்றான். ஆறாவதுதான், ஆமாம், அதுதான் எனக்கே சந்தேகமாக இருந்தது. மதிலுக்கு இப்பால் நின்று அதைக் கேட்டிருக்கிறான். சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை இரண்டு பேரும் விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது, கீழே தெருவிலிருந்து உடப்பன் குரல் கிளம்பியது. "ஆத்தா! ஏ ஆத்தா! பதினொண்ணு ஆகலையா இன்னும்?" இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிக் கொப்பரையைப் பார்த்தோம். தண்ணீர்மேல் ஒன்றும் இல்லை. வட்டில் எப்போதோ தானாகவே முங்கி, அடியில் சாதுவாகக் கிடந்தது.